ஹாஸ்பிட்டலிஸ்ட், ஆசிரியர், சமநீதி: ஒரு கடிதம்

அன்புள்ள டாக்டர்,

அமெரிக்காவில் குழந்தை மருத்துவ ரெசிடென்சி (மருத்துவமனையில் செய்யும் சிறப்புப் பயிற்சி) இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அட்மிட் ஆகும் குழந்தைகளை மட்டும் பார்க்கும் ஹாஸ்பிட்டலிஸ்ட் ஆக வேண்டும் என்பது ஆசை. ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் பிடிக்கும். ஆங்கிலம் பேசாத வீட்டுக் குழந்தைகள், ஏழைக் குழந்தைகள் விஷயத்தில் நாங்களே வேறு மாதிரி நடந்துகொள்கிறோமோ என்று தோன்றுகிறது. அதிலும் ஏதாவது செய்ய நினைக்கிறேன். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்காதே. சமநீதி என்ற பேச்செல்லாம் இனி இந்த நாட்டில் ஓடாது" என்கிறார் ஒரு சீனியர். அவர் சொல்வது சரியா? ரெசிடென்சிக்குப் பின் ஃபெலோஷிப் என்ற மேல்பயிற்சியும் அவசியமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சீனியர் பாதி சரி. சரியான அந்தப் பாதியைப் பிறகு சொல்கிறேன். சிகிச்சை, கற்பித்தல், சமநீதி மூன்றும் வெவ்வேறு வேலைகள் என்று அவர் நினைப்பதுதான் தவறு. வார்டில் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே வேலையாகத்தான் தெரியும்.

ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறீர்கள் அல்லவா? அதற்கு நீங்கள் பயன்படுத்தும் ஐ-பாஸ் முறையின் கதையையே எடுத்துக்கொள்வோம். அது கல்வி தொடர்பான கேள்வியாகத்தான் தொடங்கியது: ரெசிடென்ட்களுக்கு ஒப்படைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தால் பிழைகள் குறையுமா? ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் செய்து பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்திருந்தன. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. பேசும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்து அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள் ரவுண்ட்ஸில் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசிப் பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவு எனக்கு இன்னும் பிடித்தமானது. மொத்தப் பிழைகள் குறையவில்லை. ஆனால் குழந்தைக்குத் தீங்கு செய்த பிழைகள் ஏறக்குறைய 38 சதவீதம் குறைந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, நாம் தவறவிடுவதைப் பிடித்துவிடுகிறார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அப்படியென்றால் நம் மொழி தெரியாத அம்மா? 2020-இல் அதற்கும் பதில் வந்தது. ஆங்கிலத்தில் பேசச் சிரமப்படும் பெற்றோரின் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் பாதிப்பு நேரும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு.

ஒப்படைப்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று புறப்பட்டவர்கள் ஆறு வருடத்தில் சமநீதியில் வந்து நின்றார்கள். நடுவில் யாரும் துறை மாறவில்லை.

"வேறு மாதிரி நடந்துகொள்கிறோமோ" என்று கேட்டிருக்கிறீர்கள். பல சமயம் நாம் நடந்துகொள்வதற்கு முன்பே, நாம் பின்பற்றும் மருத்துவ விதிமுறையே அப்படி நடந்துகொண்டுவிடுகிறது. காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று இருக்குமா என்று கணிப்பதற்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-இல் ஒரு வழிகாட்டுதல் தந்தது. அதில் இனமும் ஒரு காரணி. காய்ச்சலும் வயதும் ஒன்றாகவே இருந்தாலும், கறுப்பினக் குழந்தை என்றால் கணிப்பு ஒரு படி கீழே இறங்கும். பரிசோதனையே செய்யாமல் விட இடமுண்டு. பத்து வருடங்கள் எல்லோரும் இதைத்தான் நல்ல மருத்துவம் என்று சொல்லிக்கொடுத்தோம், பரீட்சையிலும் கேட்டோம். 2021-இல் அகாடமி அதைத் திரும்பப் பெற்றது. இதேபோல் இனத்தைச் சேர்த்திருந்த ஒரு கணிப்பான், பின்னர் அதற்குப் பதில் எத்தனை நாள் காய்ச்சல், முன்பு தொற்று வந்ததுண்டா என்று கேட்கத் தொடங்கியது. கணிப்பின் துல்லியம் குறையவில்லை. "நல்ல டாக்டராக இருந்தால் போதும்" என்பவரிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: 2015-இல் அந்த வழிகாட்டுதலை வரி பிசகாமல் பின்பற்றியவர் நல்ல டாக்டரா, இல்லையா?

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் அப்போது அங்கே ரெசிடென்சி திட்டத்தின் இயக்குநராக இருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நகரின் குடிநீர் ஆற்றுத் தண்ணீருக்கு மாறிய பிறகு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தத்தில் ஈய அளவு கூடியவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக உயர்ந்ததை, மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளை வைத்தே காட்டினார். 2015 செப்டம்பரில் அதைப் பகிரங்கமாகச் சொன்னபோது அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். அதிக நாள் மறுக்க முடியவில்லை.

இப்போது சீனியர் சொன்னதில் சரியான பாதி. காற்று மாறியிருப்பது உண்மை. 2025-இல் சமநீதி சார்ந்த பல ஆய்வுகளுக்கான மத்திய அரசு நிதி நிறுத்தப்பட்டது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழி உதவி தரும்படி 2000-இல் வந்த அதிபர் ஆணையும் அந்த மார்ச்சில் ரத்தானது. ஆனால் 1964 சிவில் உரிமைச் சட்டமும், 2010 சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அப்படியே இருக்கின்றன. மத்திய அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்ற கடமை போய்விடவில்லை. பத்து வயது அண்ணனை வைத்து அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவது அன்றும் தவறு, இன்றும் தவறு.

அதனால் பெரிய மானியத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். உங்கள் வார்டிலேயே ஒன்றை எடுத்து எண்ணுங்கள். ஆங்கிலம் பேசாத குடும்பங்களில் எத்தனை பேருக்கு டிஸ்சார்ஜ் விளக்கம் மொழிபெயர்ப்பாளரோடு நடந்தது? வீட்டுக்கு எடுத்துப் போகும் காகிதம் எந்த மொழியில் இருந்தது? இதற்கு நிதி தேவையில்லை; பிடிவாதம் தேவை. எண்ணி முடித்ததை ஜூனியர்களுக்கு வகுப்பாக எடுங்கள். அதையே தரமேம்பாட்டு வேலையாக எழுதினால் பதவி உயர்வுக் குழுவும் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பெயரையும் நிறத்தையும் பார்த்து எல்லாக் கமிட்டியிலும் உட்கார வைப்பார்கள். போஸ்டரில் படம் வரும், சம்பளத்தில் எதுவும் வராது. ஆராய்ச்சி செய்பவருக்கு நேரம் ஒதுக்கும் துறைத்தலைவர்கள், இந்த வேலையை மட்டும் "ஆர்வம்" என்று சொல்லி உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் தள்ளிவிடுவார்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்காமல் எந்தப் பொறுப்பையும் ஏற்காதீர்கள்.

ஃபெலோஷிப் பற்றி. குழந்தை ஹாஸ்பிட்டல் மருத்துவம் 2016-இல் துணைச்சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது. அதற்கான முதல் போர்டு தேர்வு (சான்றிதழ்த் தேர்வு) 2019-இல். ஆரம்பத்தில் அனுபவத்தைக் காட்டி எழுத வழி இருந்தது, இப்போது இரண்டு வருட ஃபெலோஷிப் முடித்தாக வேண்டும். சமூக மருத்துவமனை வார்டு மட்டும் போதும் என்றால் அது இல்லாமலும் பல இடங்களில் வேலை கிடைக்கிறது. அந்த இரண்டு வருடமும் குறைந்த சம்பளம். கல்விக்கடன் தலைக்கு மேல் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். உங்களுக்கு ஆசிரியர் பணியும் ஆய்வும் வேண்டும் என்பதால் செய்யச் சொல்வேன். ஆனால் பெயர் பெற்ற இடமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்டர்வியூவில் அங்கிருக்கும் ஃபெலோக்களைத் தனியாகப் பிடித்து, ஒதுக்கிய ஆய்வு நேரத்தில் எத்தனை முறை வார்டு ஷிப்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தால் வேறு இடம் தேடுங்கள்.