மாத்திரையை நிறுத்தினால் நெஞ்செரிச்சல் கூடுகிறதே!

கேள்வி: எனக்கு வயது 43. வாரத்தில் நான்கைந்து நாள் நெஞ்செரிச்சல். இரவு படுத்ததும் புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்துவிடுகிறது. ஒன்றரை வருடமாக எரியும்போதெல்லாம் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் போட்டுக்கொள்கிறேன், பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று படித்துவிட்டு இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாளே முன்னைவிட மோசமாக எரிந்தது. ஆயுளுக்கும் இதே கதிதானா? காரத் தண்ணீர் (ஆல்கலைன் வாட்டர்) இயந்திரம் வாங்கு என்கிறார் ஒருவர், எண்டோஸ்கோப்பி எடு என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஆயுள் முழுக்க இந்த மாத்திரை தேவைப்படும் ஆளாக நீங்கள் பெரும்பாலும் இருக்க மாட்டீர்கள். ஒன்றரை வருடம் சாப்பிட்டிருந்தாலும் ஒரு வாரம்கூட அதை முறையாகச் சாப்பிடவில்லை. அதனால் அது உங்களுக்குப் பலிக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. இயந்திரம் வேண்டவே வேண்டாம். எண்டோஸ்கோப்பி பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரைப்பையின் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் சின்னச் சின்னப் பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே வரும்போதுதான் அவற்றில் நிறையப் பம்புகள் வேலையைத் தொடங்கும். வேலை செய்கிற பம்பை மட்டுமே இந்த மாத்திரை பூட்டும், ஓய்வில் இருப்பதைத் தொடாது. ரத்தத்திலும் அது சில மணி நேரம்தான் தங்கும். ஆகவே சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும். சாப்பிட்டு, எரிந்து, அதற்குப் பிறகு போடுகிற மாத்திரையில் பாதி வீண். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். போட்ட கால் மணியில் அடங்கிவிட்டது என்றால், எரிச்சல் தானாகத் தணிந்திருக்கும், அல்லது மாத்திரையோடு குடித்த தண்ணீர் உணவுக்குழாயில் நின்ற அமிலத்தைக் கழுவி இறக்கியிருக்கும்.

இதை ஒரு நோயாளிக்குச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை. சீட்டில் ‘தினம் ஒன்று’ என்று எழுதுகிறார்கள். எப்போது, எத்தனை வாரம், எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எழுதுவதில்லை. பழைய சீட்டைக் காட்டினாலே கடையில் கொடுத்துவிடுகிறார்கள், பல இடங்களில் சீட்டே கேட்பதில்லை. எட்டு வாரத்துக்கென்று தொடங்கிய மருந்து வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தொடங்கிவைக்க ஒரு மருத்துவர் இருக்கிறார். நிறுத்து என்று சொல்வது யாருடைய வேலை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

சரி, நிறுத்தினால் ஏன் கூடுகிறது? அமிலத்தைப் பல வாரம் அடக்கி வைத்தால் உடம்பு சும்மா இருக்காது. அமிலம் போதவில்லை என்று நினைத்து, சுரக்கச் சொல்லும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும். மாத்திரை இருக்கும்வரை அது வெளியே தெரியாது. சட்டென்று நிறுத்தினால் சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். 2009-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 ஆரோக்கியமானவர்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் இதே வகையைச் சேர்ந்த இசோமெப்ரசோல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மருந்தை நிறுத்திய பிறகு வந்த நான்கு வாரங்களில், மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற அமிலத் தொல்லை வந்தது. மற்றவர்களில் 15 சதவீதம்தான். நோயே இல்லாதவர்களுக்கே இந்தக் கதி. ஆகவே மூன்றாம் நாள் எரிந்ததை வைத்து ‘மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு இன்னொருவர் தன் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் இருப்பவர்கள், மூட்டு வலிக்காகத் தினமும் டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் மாதிரி வலி மாத்திரை விழுங்குகிறவர்கள், முன்பு குடற்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரையைக் கொடுப்பது எரிச்சலுக்காக அல்ல. இரைப்பையில் புண் வந்து ரத்தம் போகாமல் காக்கத்தான் கொடுக்கிறோம். இவர்களுக்கு எரிச்சல் துளியும் இருக்காது. ‘எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, இது எதற்கு’ என்று நிறுத்திவிடுவார்கள். வலியும் வராது, எரிச்சலும் வராது, ஒரு நாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகும், தலை சுற்றி விழுவார்கள். அப்போதுதான் மாத்திரை நின்றது வீட்டில் தெரியவரும். எரிச்சல் இல்லை என்பது இவர்களுக்கு நிறுத்தக் காரணமே இல்லை. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் கடுமையான புண்ணோ பாரெட் மாற்றமோ (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது) இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும் அப்படியே. உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், உங்களுக்கு நான் சொல்லும் யோசனையை அவருக்குச் சொல்லாதீர்கள். அந்த மருந்தைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.

சிறுநீரகப் பயத்துக்கு வருகிறேன். அபூர்வமாகச் சிலருக்கு இந்த மாத்திரையால் சிறுநீரகத்தில் அழற்சி வருவது உண்மை. ஆனால் நீங்கள் படித்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 17,000-க்கும் மேற்பட்ட இதய, ரத்தக்குழாய் நோயாளிகளுக்கு ஏறத்தாழ மூன்று வருடம் நீங்கள் சாப்பிடும் இதே மருந்தையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. உறுதியாகத் தெரிந்த வித்தியாசம் குடல் தொற்றில் மட்டும்தான்: மருந்து எடுத்தவர்களில் 1.4 சதவீதம், மற்றவர்களில் 1 சதவீதம். சிறுநீரக நோயில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறைகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தேவையில்லாத மருந்து என்பதே அதை விடப் போதுமான காரணம், பயமுறுத்தல் வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. எட்டு வாரம் தினமும் ஒரு மாத்திரை, தவறாமல். உங்கள் தொல்லை இரவில் என்பதால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எடுக்கலாம். எரிச்சல் அடங்கினால் 20 மில்லிகிராமுக்கு இறங்கி இரண்டு வாரம், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். இறங்கும்போது 40-ஐ உடைத்துப் பாதி போடாதீர்கள். இரைப்பை அமிலம் மருந்தைக் கெடுக்காமலிருக்கத்தான் மேலே பூச்சு இருக்கிறது, உடைத்தால் அந்தக் காவல் போய்விடும். தனியாக 20 வாங்குங்கள். நடுவில் எரிந்தால் ஆன்டாசிட் திரவமோ ஆல்ஜினேட் கலந்த திரவமோ போதும். ஆல்ஜினேட் இரைப்பையில் உள்ளதன் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். அதனால் சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதில் சோடியம் எவ்வளவு என்று பார்த்து வாங்கவும்.

மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், ஆனால் மேலே ஏறுவதைத் தடுக்காது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள வளையத் தசை வேண்டாத நேரத்தில் தளர்வதுதான் உங்கள் பிரச்சினையின் வேர். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் கொடுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும், எரிச்சல் கூடத்தான் செய்யும். இடது பக்கமாகப் படுங்கள், இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்து நிற்கும். தொப்பை இருந்தால் எடையைக் குறைப்பதற்கு நிகரான வைத்தியம் இதில் குறைவு. புகை பிடித்தால் விடுங்கள். எல்லோருக்கும் ஆகாத உணவு என்று ஒரு பட்டியல் கிடையாது. கொழுப்பு, காபி, சாக்லேட், மது, புளிப்பு, காரம் இவற்றில் உங்களைப் படுத்துவது எது என்று இரண்டு வாரம் எழுதிப் பார்த்து அதை மட்டும் விடுங்கள்.

இனி உங்களைச் சுற்றி நிற்பவர்களைப் பற்றி. காரத் தண்ணீர் இயந்திரக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். இரைப்பையின் அமிலம் அந்தத் தண்ணீரைவிடப் பல மடங்கு வலுவானது. ஒரு மூடி ஆன்டாசிட் செய்யும் வேலையை அது குடம் குடமாகக் குடித்தாலும் செய்யாது. வினிகர் குடித்தால் சரியாகும் என்பவர்கள் புண்ணாகியிருக்கும் உணவுக்குழாயில் இன்னும் அமிலத்தை ஊற்றச் சொல்கிறார்கள். ரத்தம் எடுத்து ‘உங்களுக்கு ஆகாத உணவுகள்’ என்று நீளப் பட்டியல் தரும் பரிசோதனை இன்னொரு பொறி. அதில் அளக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். இவர்கள் எல்லோருக்கும் விற்றால் பங்கு உண்டு, உங்கள் எரிச்சல் அடங்குவதில் பங்கு இல்லை.

கடையில் கேட்காமலே மாற்றிக் கொடுக்கும் கேப்ஸ்யூல்களிலும் கவனம் தேவை. அமிலம் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோன் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் படியுங்கள். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். ஐரோப்பிய மருந்துகள் முகமை 2014-இலேயே அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும் என்று சுருக்கியது, அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கூடாது என்று. நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் அதை விழுங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

விழுங்கும்போது சாப்பாடு அடைத்தாலோ, முயலாமலே எடை குறைந்தாலோ, ரத்த வாந்தி, கறுப்பு மலம், ரத்தசோகை, விடாத வாந்தி இருந்தாலோ எட்டு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு அழுத்தி, தாடைக்கோ கைக்கோ பரவி, வியர்த்தால் அதை எரிச்சல் என்று ஆன்டாசிட் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் எண்டோஸ்கோப்பி இன்றைக்கே வேண்டியதில்லை. எட்டு வாரம் முறையாக எடுத்தும் அடங்காவிட்டால், அல்லது படிப்படியாக நிறுத்திச் சில வாரம் கழித்தும் திரும்பத் திரும்ப வந்தால், அப்போது எடுங்கள். எடுக்கும் முன் இந்த மாத்திரையை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். மாத்திரையில் இருக்கும்போதே எடுத்தால் புண் ஆறிப்போயிருக்கும், ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், பணமும் போய் பதிலும் கிடைக்காது. இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்கும் இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். தேதி கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, அதனால் பதிவு செய்யும்போதே நீங்களே கேளுங்கள். அந்த இடைவெளியில் எரிந்தால் ஆல்ஜினேட் குடித்துக்கொள்ளலாம், எண்டோஸ்கோப்பியில் தெரிய வேண்டிய புண்ணை அது மறைக்காது.