துணி விற்கப் படிப்பு எதற்கு?

அன்புள்ள அக்கா,

ஈரோட்டில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், பாதி சில்லறை, பாதி மொத்தம். எனக்கு ஃபேஷன் ரீட்டெயிலிங், டிஜிட்டல் மெர்ச்சண்டைசிங் இதில் ஏதாவது மேலே படிக்க ஆசை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. இங்கேயே ஃபேஷன் படிப்புக்கான நிஃப்ட் நுழைவுத் தேர்வு எழுதலாமா என்றும் யோசனை. திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் மாமா, "அது நைட்டு பன்னெண்டு மணிக்கு பையருக்கு மெயில் போடற வேலை, உனக்கு வேண்டாம்" என்கிறார். அப்பாவோ, "துணி விக்கறதுக்கு எதுக்கு கண்ணு லட்சக்கணக்குல படிப்பு?" என்கிறார். எனக்கு வரையவும் வராது. நீங்கள் இந்தத் துறையில் வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள ஈரோட்டுப் பெண்ணுக்கு,

முதலில் மாமா. அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர் சொல்கிற வேலை வேறு. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்றால் வெளிநாட்டு பையர் கொடுத்த ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு சாம்பிள், லேப் டிப் (சாயம் போட்டுக் காட்டுகிற துண்டுத் துணி), பட்டன், லேபிள், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வாங்கி, சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் மாறி மாறி போன் போட்டு, சொன்ன தேதிக்குக் கப்பலேற்றுகிற ஆள். நீங்கள் படிக்க நினைக்கிற மெர்ச்சண்டைசிங் அந்தக் கப்பல் போய்ச் சேருகிற பக்கம் இருக்கிறது. எந்த ரகம் வாங்குவது, எத்தனை பீஸ், எந்தக் கடைக்கு எவ்வளவு, என்ன விலை, எப்போது விலையைக் குறைப்பது, இதெல்லாம்தான் அது. இது போதாதென்று ஷோரூம் கண்ணாடிக்குள் பொம்மைக்குச் சேலை கட்டுவதற்கும் விஷுவல் மெர்ச்சண்டைசிங் என்றே பெயர். மூன்று வேலைக்கும் ஒரே பெயரை வைத்தவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். வேலை தேடுகிற பிள்ளைகள் இதில் படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது அப்பா. நீங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போவதில் பாதியை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார், அதற்குப் பெயர் இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. ஆடித் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையில் கூட்டம் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு இறக்க ரேக்கில் இடமும் வேண்டும், கையில் காசும் வேண்டும். அதனால் தேங்கிய சரக்கை லாபத்தைக் குறைத்துத் தள்ளிவிடுகிறோம். பாடப்புத்தகம் இதைத்தான் மார்க்டவுன் என்று ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்கிறது. தேக்கம் எல்லோருக்கும் உண்டு. 2018-ல் உலகம் முழுக்கத் துணி விற்கிற எச் அண்ட் எம் கம்பெனியிடம் விற்காமல் கிடந்த சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 430 கோடி டாலர். லண்டனின் விலை உயர்ந்த பிராண்டான பர்பெரி அதற்கு முந்தைய நிதியாண்டில் மட்டும் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கைத் தீ வைத்தே அழித்தது. விலையைக் குறைத்து விற்றால் பிராண்டின் மவுசு போய்விடுமாம். விஷயம் வெளியே வந்து திட்டு வாங்கிய பிறகுதான் நிறுத்தினார்கள். உங்கள் அப்பா ஒரு துண்டைக்கூட எரித்திருக்க மாட்டார்.

அவரிடம் இல்லாதது, எழுதி வைத்த கணக்கு. தீபாவளிக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டால் "ஒரு அனுபவந்தான்" என்பார். படிப்பில் அதற்கு ஓப்பன் டு பை என்று ஒரு கணக்கு சொல்லித் தருவார்கள். சீசனில் 20 லட்சத்துக்கு விற்பீர்கள், சீசன் முடியும்போது கடையில் 8 லட்சம் சரக்கு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 28 தேவை. இப்போதே கடையில் 11 இருக்கிறது, ஆர்டர் போட்டு வர வேண்டியது 6. மீதி 11 லட்சத்துக்குத்தான் இனி வாங்கலாம். (தள்ளுபடியில் போகப்போவதையும் கூட்ட வேண்டும், அதை இங்கே விட்டுவிட்டேன். எல்லாமே விற்பனை விலையில் போடுகிற கணக்கு.) திங்கள் ராத்திரி கனி மார்க்கெட்டில் நல்ல ரகம் ஒன்று மலிவாகக் கண்ணில் படும்போது, அந்த 11 லட்சம் காலியாகிவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொண்டு கையை நீட்டுகிறவருக்கும் "பாத்துக்கலாம்" என்று நீட்டுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த ஆடியில் தெரியும்.

சரி, டிஜிட்டல் பக்கம் வருவோம். அங்கேதான் அப்பாவின் அனுபவம் கை கொடுக்காது, ஏனென்றால் வாடிக்கையாளரின் முகம் தெரியாது. நான் ஒரு ஆன்லைன் துணிக்கடையில் சேர்ந்த முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். கிழங்கு மஞ்சளில் ஒரு காட்டன் குர்தி, 400 பீஸ். மூன்று வாரத்தில் போனது 11. மேலே இருந்தவர் "ரகம் ஓடலை, 40 சதவீதம் போடு" என்றார், நானும் போட்டேன். அப்புறம் ஒருநாள் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தால், அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களே மொத்தம் 300 பேர்தான். 300-க்கு 11 என்பது நல்ல விற்பனை. எங்களிடம் அமோகமாக ஓடிய குர்திகளுக்குக்கூட நூற்றுக்கு இரண்டு பேர்தான் வாங்குவார்கள். ஆக, பார்த்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் யார் கண்ணிலும் படவில்லை. ஏன் என்று தோண்டினால், சப்ளையர் அனுப்பிய எக்செல் ஷீட்டில் கலர் என்ற கட்டத்தில் அழகாக இருக்கட்டும் என்று "டர்மரிக்" என்று போட்டிருந்தார்கள். அதைச் சரிபார்த்து ஓகே சொன்னது நான். சைட்டுக்கு "யெல்லோ" தெரியும், டர்மரிக் தெரியாது. அதனால் ஃபில்டரில் மஞ்சளைத் தட்டிய ஒருவருக்கும் அந்தக் குர்தி வரவே இல்லை. ஒரு வார்த்தையை மாற்றினோம், பத்து நாளில் காலி. ஆனால் விலையை முன்பே வெட்டியிருந்தோமே, அந்த லாபம் போனது போனதுதான்.

டிஜிட்டல் மெர்ச்சண்டைசிங் என்று அவர்கள் பெரிதாகச் சொல்வதில் கணிசமான பகுதி இந்த மாதிரி வேலைதான். பக்கத்தில் எது முதல் வரிசையில் நிற்கிறது, எது நாலு தடவை தள்ளினால்தான் வருகிறது, தேடும் பெட்டியில் "சுங்குடி" என்று அடித்தால் என்ன வருகிறது, மீடியமும் லார்ஜும் தீர்ந்துபோய் எக்ஸ்எஸ் மட்டும் மிஞ்சிய சட்டை இன்னும் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று தினமும் பார்ப்பது. கடையில் செட் உடைந்த சரக்கை நீங்கள் வாசலில் அடுக்க மாட்டீர்கள் அல்லவா? கம்ப்யூட்டர் கூச்சமில்லாமல் அடுக்கும், போன வாரம் நிறைய விற்றதே என்று.

இங்கிலாந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். இந்தப் படிப்புகள் அங்கே வலுவாக இருப்பதற்குக் காரணம் உண்டு, அந்த ஊர் கடைவீதி கண்ணெதிரே உடைந்தது. டாப்ஷாப் என்ற பேர்போன துணிக்கடைகளை நடத்திய ஆர்காடியா கம்பெனி 2020 நவம்பரில் கவிழ்ந்தது. 2021 பிப்ரவரியில் ஆன்லைனில் துணி விற்கிற அசோஸ், டாப்ஷாப்பின் பெயரையும் சரக்கையும் வாங்கியது, கடைகளை வாங்கவில்லை. டெபென்ஹாம்ஸ் என்ற பெரிய கடைகளின் கதையும் அதே வருடம் அப்படியே, பெயர் பூஹு என்ற ஆன்லைன் கம்பெனிக்குப் போனது, கடைகள் மூடப்பட்டன. பெயர் மட்டும் திரைக்குள் போய், அடுக்கவும் விலை வைக்கவும் புது ஆட்கள் தேவைப்பட்டார்கள். கற்றுக்கொள்ள நல்ல இடம்தான். ஆனால் படித்து முடித்தபின் அங்கே தங்கி வேலை தேட இதுவரை முதுகலைக்கு 2 வருடம் விசா கொடுத்தார்கள், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அந்த 18 மாதச் சம்பளத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று ஏஜென்ட் யாராவது கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால், அந்தத் தாளை வாங்கி அப்பாவிடம் கொடுங்கள். அவருக்குக் கணக்கு வரும்.

நிஃப்ட் எழுதுங்கள். 1986-ல் டெல்லியில் தொடங்கிய நிறுவனம், சென்னை தரமணி வளாகம் 1995-ல் வந்தது. ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுகலை 2 வருடம், எந்தப் பட்டமும் போதும், உங்கள் பி.காம். இங்கே குறை இல்லை, பலம். எங்கே சேர்ந்தாலும் சரி, பாடத்திட்டத்தை வாங்கி, கொள்முதல் கணக்கும் ஸ்டாக் திட்டமும் எத்தனை பேப்பர் என்று எண்ணுங்கள். ஃபேஷன் வரலாறும் பிராண்டிங்கும் மட்டும் பளபளவென்று இருந்தால் வேண்டாம். வகுப்பில் ஆன்லைன் துணிக்கடை மிந்த்ராவின் கதை வந்தால் விட்டுவிடாதீர்கள். 2015 மே மாதம் வெப்சைட்டை மூடிவிட்டு இனி ஆப் மட்டும்தான் என்றார்கள், அடுத்த வருடமே வெப்சைட்டைத் திரும்பத் திறந்தார்கள். ஏன் மூடினார்கள், ஏன் திறந்தார்கள் என்று ஆசிரியரை விடாமல் கேளுங்கள்.

அதற்கு முன்னால், இந்த ஆடி முடிவதற்குள் ஒரு வேலை செய்ய முடியுமா? கடையில் ஒரே ஒரு ரேக், நைட்டியோ லெக்கின்ஸோ ஏதோ ஒன்று. என்று வந்தது, எத்தனை வந்தது, எந்தக் கலர், எந்த சைஸ் எந்த வாரம் போனது, எது தள்ளுபடியில் போனது, எது தள்ளுபடியிலும் போகவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டை அப்பா பார்க்கிற மாதிரி கல்லா பக்கத்தில் வையுங்கள்.

வரைவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நிஃப்ட்டில் இந்தப் படிப்புக்கு எழுத்துத் தேர்வு என்றால் பொது அறிவுத்திறன் தேர்வு மட்டும்தான், டிசைன் பிள்ளைகளுக்கு வைக்கிற வரைகிற தேர்வு கிடையாது. நானும் வரைய மாட்டேன். ஒருமுறை மீட்டிங்கில் ஒரு பஃப் கையை விளக்கப் போய் போர்டில் படம் போட்டேன், பக்கத்தில் இருந்தவர் "இது பூசணிக்காயா?" என்றார்.