மகனுக்கு ஆகாத தூசு, அண்ணன் மகனுக்கு ஆகுமா?

கேள்வி: பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு ஏறாத அண்ணன் மகனை ஏழு வருடத்துக்கு முன் நான்தான் வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். வீட்டுப் பிள்ளை என்பதால் ஈ.எஸ்.ஐ. பதிவெல்லாம் செய்யவில்லை. வேலையாட்களுக்குத் தினமும் பாலும் வெல்லமும் கொடுக்கிறேன். இப்போது அவனுக்கு ஓயாத வயிற்றுவலி, மணிக்கட்டில் பலமில்லை. ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 68 மைக்ரோகிராம் என்ற பரிசோதனைச் சீட்டைக் காட்டிச் சண்டை போட்ட அண்ணன், பேச்சையே நிறுத்திவிட்டார். தூசு ஒத்துக்கொள்ளாது என்று கல்லூரியில் படிக்கும் என் மகனை விடுமுறையில்கூட நான் பட்டறைப் பக்கம் விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் அண்ணன் மகனைத்தான் நம்பியிருந்தேன். அண்ணனை எப்படிச் சமாதானம் செய்வது?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: அண்ணனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் மகனைப் பற்றி எழுதிய ஒரு வரிதான் உங்கள் வழக்கு முழுவதையும் சொல்லிவிடுகிறது. அந்தத் தூசு ஒத்துக்கொள்ளாது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததால்தான் பெற்ற பிள்ளையை வாசலோடு நிறுத்தினீர்கள். தெரிந்திருந்தும் உடன்பிறந்தவர் பிள்ளையை ஏழு வருடம் உலை முன்னால் நிற்க வைத்தீர்கள். சித்தப்பா என்ற உறவுக்குள் அப்பா என்ற சொல் இருக்கிறது, ஐயா. ‘அறியாமல் நடந்தது’ என்று சொல்லும் வழியை உங்கள் கடிதமே அடைத்துவிட்டது.

பாலும் வெல்லமும் கொடுத்ததைக் கணக்கில் காட்டாதீர்கள். நல்ல உணவு உடம்புக்கு வேண்டியதுதான். ஆனால் மூச்சிலும் கைவிரல் வழியாக வாயிலும் போன காரீயத்தை வெல்லம் வெளியே கொண்டுவராது. அது ரத்தத்தோடு நிற்பதில்லை, எலும்பில் போய்ப் படிந்து பல ஆண்டுகள் தங்கும். வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, சிடுசிடுப்பு, மணிக்கட்டுத் தளர்ச்சி ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். உள்ளே சிறுநீரகமும் இரத்த அழுத்தமும் கெடும். 1978இல் அமெரிக்கா கொண்டுவந்த விதியிலேயே, 60 மைக்ரோகிராமைத் தொட்ட தொழிலாளியைக் காரீய வேலையிலிருந்து விலக்கி, அளவு 40க்கு இறங்கும்வரை, 18 மாதம் வரைக்கும், சம்பளம் குறையாமல் காக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் அண்ணன் பிள்ளையின் அளவு 68.

அவனுக்கு மணமாகிக் குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் அந்தக் குழந்தையின் ரத்தத்தைச் சோதியுங்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போகிறவன் தூசையும் கூடவே கொண்டுபோகிறான். தகப்பன் தோளில் தலைசாய்க்கும் குழந்தைக்கு அது போதும். வாய்வழி போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்த அளவு வரை பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவே அவர்களுக்குக் கிடையாது. மனைவி கருவுற்றிருந்தால் கருவையும் அது எட்டும்.

அவனை இன்றே உலையிலிருந்து விலக்குங்கள், சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல். காரீய நச்சு தெரிந்த மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள். காரீயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால் அதை ஏற்றிக்கொண்டே பழைய இடத்தில் வேலை செய்வது ஆபத்து. காரீய நச்சு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே நிலைதான். ஆகவே மருத்துவர் மேலே எழுதினால் அவரைத் தடுக்கப் போகாதீர்கள். வீட்டுப் பிள்ளை என்று பதிவு செய்யாமல் விட்டது பாசமில்லை. அந்நியனுக்குக் கிடைக்கும் காப்பைக்கூட அவனுக்கு இல்லாமல் செய்தீர்கள். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் காரீயத்தால் வரும் நோயைத் தொழில் நோயாகவே கணக்கிட்டது; அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அப்படியே கணக்கிடுகிறது. அவன் கேட்கும் வரை காத்திருக்காமல் சேர வேண்டியதைக் கொடுங்கள்.

உலையைச் சுற்றி மற்றவர்களும் நிற்கிறார்களே, அவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் பாலைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. அத்தனை பேருக்கும் உங்கள் செலவில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். புகையை உலை வாயிலேயே மூடி உறிஞ்சி, வடிகட்டி வெளியேற்றும் அமைப்பு முதலில் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மாஸ்க். முகத்தில் கட்டும் துண்டு காரீயப் புகையைத் தடுக்காது. முகத்தோடு படிந்து நிற்கும், வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசமே வேண்டும். விளக்குமாற்றால் வறட்டுத் தரையைக் கூட்டுவதை நிறுத்தி, ஈரத்தால் துடைக்கச் சொல்லுங்கள். டீயும் பீடியும் உலைப் பக்கம் வரவே கூடாது. குளியலறை, மாற்றுத்துணிக்குத் தனி அலமாரி, வேலைத் துணியைப் பட்டறையிலேயே துவைக்கும் ஏற்பாடு, இவை மூன்றும் இருந்தால்தான் ஒருவன் சுத்தமாக வீடு போய்ச் சேர முடியும். இதற்கெல்லாம் பணமில்லை என்றால் உலையை அணைத்துவிட்டு வேறு தொழில் பாருங்கள். பிறர் வீட்டுப் பிள்ளைகளின் எலும்பில் நடக்கும் தொழில் உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

அண்ணனிடம் பெரியவர்களைத் தூது அனுப்பாதீர்கள். மேலே சொன்னவற்றைத் தொடங்கிவிட்டு நீங்களே போங்கள். உங்கள் மகனையும் கூட்டிப் போய், அவன் எதிரிலேயே, அவனை ஏன் பட்டறைக்குள் விடவில்லை என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.