அட்பிளாக்கர் போட்டாலும் அட்சய திருதியை வரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் இருக்கிறேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. விளம்பரம் என்றாலே எனக்கு ஆகாது. கேபிள் கனெக்‌ஷனை எடுத்துவிட்டேன். செல்போனில் அட்பிளாக்கர் இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டா எதிலும் இல்லை. எது வாங்கினாலும் நாலு ரிவ்யூ பார்த்துத்தான் வாங்குவேன். என் அளவில் தப்பித்துவிட்டேன் என்றுதான் சொல்வேன். வீட்டில் கதை வேறு. அட்சய திருதியைக்கு அரைப் பவுனாவது வாங்கியே ஆக வேண்டும் என்று மனைவியும் மாமியாரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள், கிளாஸில் எல்லோரும் குடிக்கிறார்கள் என்று ஒரு ஹெல்த் டிரிங்க் கேட்டு அழுகிறாள். விளம்பரத்தின் பிடியில் சிக்காமல் ஒரு குடும்பம் இன்று வாழ முடியுமா? பேசாமல் செய்யாறு பக்கம் சொந்த ஊருக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

தனி ஆளாக முடியாது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் விளம்பரம் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள், சரி. ஆனால் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் பார்த்தாலே அதற்குப் போதும்.

அட்சய திருதியையையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கத்தில் எப்போதும் இருந்த நாள்தான். தானம் கொடுக்க, ஒரு காரியத்தைத் தொடங்க நல்ல நாள் என்பார்கள். அன்றைக்குத் தங்கம் வாங்கியே தீர வேண்டும் என்று விடியற்காலையில் உஸ்மான் ரோட்டுக்குக் கிளம்புவது தமிழ்நாட்டில் பரவியது இந்த இருபது முப்பது வருடங்களில்தான், அதுவும் நகைக்கடை விளம்பரங்களின் தயவில். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கல்யாணம், காதுகுத்து என்றால் நகை வாங்குவார்கள். இந்த நாளுக்கென்று யாரும் கடைக்குப் போய் நான் பார்த்ததில்லை. இன்று உங்கள் மாமியார் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம். எதிர்வீட்டு அம்மா "இந்த வருஷம் என்ன வாங்கினீங்க?" என்று கேட்டிருந்தால் போதும். கடைக்காரர் கிளப்பிவிட்டது இப்போது வீட்டு வழக்கமாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாவை பிளாக் செய்ய ஆப் எதுவும் வரவில்லை.

இன்னொன்று. மூன்று கடை ஏறி இறங்கி, சேதாரம் எங்கே குறைவு, செய்கூலி எங்கே இல்லை என்று விசாரிப்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை. அப்படி விசாரிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே விளம்பரங்கள்தான். எந்தக் கடை என்பதில்தான் நம் சாமர்த்தியமெல்லாம் செலவாகிறது. வாங்கத்தான் வேண்டுமா என்ற பேச்சே எழுவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் சிரிக்க வைத்த இடம், "என் அளவில் தப்பித்துவிட்டேன்." டேவிசன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஊடகம் மற்றவர்களைத்தான் மயக்கும், நம்மை அவ்வளவாக அசைக்காது என்று மனிதர்கள் நினைக்கிறார்கள் என்பது அதன் சாரம். பிறகு வந்த பல ஆய்வுகளிலும் இதையே பார்த்தார்கள். உங்கள் கணக்கில் மனைவி, மாமியார், மகள் மூவரும் மயங்கியவர்கள், நீங்கள் ஒருவர்தான் தெளிந்தவர். நீங்கள் பார்க்கும் அந்த நாலு ரிவ்யூவில் எத்தனை பேர் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள்? காசோ பொருளோ வாங்கியிருந்தால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021-ல் விதி கொண்டுவர வேண்டியிருந்தது. ரிவ்யூக்காரர் வாயால் சொல்வதை அட்பிளாக்கரால் வெட்டவும் முடியாது.

செய்யாறு யோசனையை விட்டுவிடுங்கள். விளம்பரம் கிராமத்துக்கும் எப்போதோ போய்விட்டது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டின் கதை கடலூரில் தொடங்குகிறது. பாட்டில் வாங்க வசதி இல்லாதவரும் வாங்கட்டும் என்று அந்த ஊர் சின்னி கிருஷ்ணன் என்பவர் பாக்கெட் யோசனையைக் கொண்டுவந்தார். அவருடைய பிள்ளைகள் அதைப் பெரிய வியாபாரமாக்கினார்கள். ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று அவர்களுடைய சிக் ஷாம்பு கிராமத்துக்குள் நுழைந்தது. சீயக்காய் அரைத்துக்கொண்டிருந்த வீடுகளைத் தேடித்தான் அவர்கள் போனார்கள். உங்கள் ஊர் பெட்டிக்கடை போர்டையும் பாருங்கள், குளிர்பானத்தின் பெயர் முழுப் பலகைக்கும் இருக்கும், கடைக்காரர் பெயர் ஒரு மூலையில்.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது உங்கள் மன உறுதியில் இல்லை. 1990-களில் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் சிகரெட் பெயர் இருந்தது. 1996 உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. 2003-ல் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்யும் புகையிலைச் சட்டம் வந்தது. இன்று காலேஜ் படிக்கும் பையனிடம் சொன்னால் நம்பமாட்டான். அவன் நம்மைவிட உறுதியானவன் என்பதால் அல்ல, அவன் கண்ணில் அது படவில்லை, அவ்வளவுதான். (ஏலக்காய் என்ற பெயரில் பான் மசாலா விளம்பரமும் சோடா என்ற பெயரில் மது விளம்பரமும் பின்வாசல் வழியாக வருவது வேறு விஷயம்.) சென்னையிலும் பார்த்தோமே. 2008-ல் உச்ச நீதிமன்றம் விளம்பரப் பலகை விதிகளை உறுதி செய்த பிறகு அண்ணா சாலையில் ராட்சதப் பலகைகள் இறங்கின, பின்னால் இருந்த கட்டடங்கள் தெரிந்தன. சாவோ பாலோ நகரம் 2007-ல் வெளிப்புற விளம்பரங்களை மொத்தமாகவே தடை செய்தது. நாம் அந்த அளவுக்குப் போகவில்லை. கட்சி பேனரும் கல்யாண பேனரும் தொடர்ந்தன. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்த பிறகுதான் நகரம் கொஞ்சம் வெட்கப்பட்டது. ஒரு உயிர் போன பிறகு வந்த வெட்கம் முன்பே வந்திருக்கலாம் என்பதுதான் எனக்குக் கோபம்.

அரைப் பவுன் விஷயத்தில் நான் தலையிடமாட்டேன். தங்கம் உங்கள் மனைவியின் சேமிப்பும்கூட. வேண்டாம் என்று சொல்ல உங்களிடம் வேறு சேமிப்புத் திட்டம் இருந்தால் சொல்லிப் பாருங்கள்.

மகள் விஷயம்தான் முக்கியம். இந்த வகை பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கடையில் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அவளையே படிக்கச் சொல்லுங்கள். நாலு கிராம் என்பது சுமார் ஒரு டீஸ்பூன். வீட்டுக்கு வந்து அத்தனை ஸ்பூனையும் தட்டில் கொட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் கேட்டால் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கிளாஸில் தான் மட்டும் தனியாக இருப்பது அந்த வயதில் பெரிய கஷ்டம். உங்கள் கொள்கைக்காக அதை அவள் சுமக்க வேண்டாம்.