மல்டிமீட்டரின் ஐஆர் சீரியலை ஆர்டுயினோவில் படிக்க: கேள்வி பதில்

சில மல்டிமீட்டர்கள் தாங்கள் அளந்ததை ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சத்தில் பிட் பிட்டாக, அதாவது சீரியலாக, பின்பக்கம் வழியே அனுப்பும். அதை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் வாங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை.

தக்கலையிலிருந்து: அண்ணே, ரிமோட்டுக்குப் போடும் டிஎஸ்ஓபி1738 ஐஆர் சென்சாரை மீட்டரின் பின்னால் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. மீட்டர் கேடா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. 1738 நொடிக்கு 38,000 தடவை துடிக்கிற வெளிச்சத்தை மட்டும் எடுத்து, மற்றதைத் தள்ளிவிடும். மீட்டர் அனுப்புவதோ துடிப்பில்லாத வெறும் சீரியல். சாதாரண போட்டோ டிரான்சிஸ்டர் (வெளிச்சம் பட்டால் கரண்ட் விடுவது) போடுங்கள்: எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் ஆர்டுயினோவின் ஒரு பின்னுக்கு (pin), அதே பின்னிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 5 வோல்ட்டுக்கு. ஆர்டுயினோ யூனோ பலகையின் 0-ஆம் பின் வேண்டாம். யூஎஸ்பி சிப்பும் அதே கம்பியில் இருப்பதால் சிக்னல் அமுங்கிவிடும். வேறு பின்னில் சீரியல் வாங்க உதவும் சாஃப்ட்வேர்சீரியல் லைப்ரரி போதும். பகல் வெளிச்சம் புகாமல் சைக்கிள் டியூப் துண்டால் மூடுங்கள். அதற்கெல்லாம் முன்னால், மீட்டர் திரையில் ஆர்எஸ்232 (சீரியல் அனுப்புவதன் அடையாளம்) என்று தெரிகிறதா என்று பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: என்னுடையது யூனி-டி யுடி61ஈ. வேகத்தை நொடிக்கு 2400 பிட்டில் வைத்தால் குப்பையாக வருகிறது.

2400 வேறு சிப் மீட்டர்களுக்கு. உங்களுடையது 19200, 7 டேட்டா பிட், அதோடு ஒற்றைப்படை பாரிட்டி (பிழையைக் காட்டும் கூடுதல் பிட்). சாஃப்ட்வேர்சீரியலுக்கு பாரிட்டி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஏழும் ஒன்றும் எட்டுதானே? எட்டு பிட்டாகவே வாங்கி, ஹெக்ஸ் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்) 7எஃப்-உடன் ஆண்ட் செய்து மேல் பிட்டை உதறுங்கள். ஒரு பிட்டுக்கு 52 மைக்ரோ நொடிதான் கிடைக்கிறது. அப்படியும் குப்பை வந்தால் 10 கிலோவை 4.7 ஆக்கிப் பாருங்கள்.

குளச்சலிலிருந்து: படகு பேட்டரி ராத்திரியில் எவ்வளவு இறங்குகிறது என்று பதிய வேண்டும். எஃப்எஸ்9721 சிப் மீட்டர், 2400-இல் 14 பைட் வருகிறது. இதில் எண் எங்கே?

எண் வராது அண்ணே. திரையில் எந்தக் கோடுகள் எரிகின்றன என்பதைத்தான் அது அனுப்புகிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு பைட்டிலும் மேல் நான்கு பிட் 1 முதல் 14 வரை வரிசை எண். அதனால் ஒரு பைட் தவறினால் உடனே தெரிந்துவிடும். கீழ் நான்கு பிட்தான் சரக்கு. 2-ஆம், 3-ஆம் பைட்டுகளின் சரக்கைச் சேர்த்தால் முதல் இலக்கம். ஹெக்ஸ் 27, 3டி வந்தால் சேர்த்து 7டி, அது பூஜ்யம். 05 என்றால் ஒன்று. மேல் பிட் மட்டும் தனி: முதல் இலக்கத்தில் மைனஸ், மற்றவற்றில் புள்ளி.

நாகர்கோவிலிலிருந்து: மீட்டரைத் திறந்து நேரே வயர் எடுத்தால் என்ன?

தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கிரவுண்டுக்கும் கறுப்பு புரோபுக்கும் தொடர்பு உண்டு. 230 வோல்ட் லைனில் கறுப்பு புரோப் பேஸைத் தொட்டால், அது அந்த வயர் வழியாக உங்கள் லேப்டாப்புக்கு வரும், உங்கள் கைக்கும் வரும். நடுவில் வெறும் வெளிச்சத்தை வைத்திருப்பதே அதைத் தடுக்கத்தான்.