டீசல் கார் கரும்புகை கக்குகிறது, இழுவையும் இல்லை: ஈ.ஜி.ஆர் வால்வுதான் காரணமா?

ஈ.ஜி.ஆர் என்பது எஞ்சின் வெளியே விடும் புகையில் ஒரு பகுதியை, உள்ளிழுக்கும் காற்றோடு மறுபடியும் கலக்கும் ஏற்பாடு. எவ்வளவு புகை போகவேண்டும் என்பதைத் திறந்து மூடிக் கட்டுப்படுத்துவது அதன் வால்வு. எரிந்து முடிந்த வாயுவை மீண்டும் ஊட்டுவது ஏன்? நெல் அவிக்கும் அடுப்பில் தீ மிஞ்சினால் தணலில் சாம்பலைத் தூவுகிறோமே, அதே வேலைதான். இனி எரியாத வாயு கலந்தால் எரிதலின் சூடு தணியும். கடுஞ்சூட்டில் பிறக்கும் நைதரசன் ஒட்சைட்டுகள் எனும் நச்சு வாயுக்கள் குறையும். சாம்பல் கூடினால் அடுப்பு புகைவதுபோல, வால்வு திறந்தபடி சிக்கினால் கரும்புகை, இழுவைக் குறைவு, நின்ற இடத்தில் நடுக்கம். மூடியபடி சிக்கினால் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும்.

எஞ்சின் கணினியில் பதிந்த பிழை இலக்கங்களை வாசிக்கும் கருவியான ஸ்கானரில் பி0401 வந்தால், புகையின் மீள்சுழற்சி போதவில்லை. பி0402 என்றால் மிகை. இலக்கத்தைக் கண்டதும் வால்வை மாற்றப் பாயாதீர்கள் (நான் பாய்ந்து காசை இழந்தவன்). எஞ்சின் சூடான பின் ஸ்கானராலேயே வால்வைத் திறக்கவைத்து, உள்ளே வரும் புதிய காற்றின் அளவைக் கவனியுங்கள். அது குறையவேண்டும். குறையாவிட்டால் வால்வோ குழாயோ கரியால் அடைத்திருக்கலாம். பழைய வண்டிகளில் வால்வை இழுத்துத் திறக்க உதவும் வெற்றிடக் குழாய் வெடித்திருப்பதும் உண்டு.

அதற்கும் முன் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியை விட்டுக் கிரவல் பாதைகளில் இறங்கினால் வன்னிப் புழுதி அதை விரைவில் அடைத்துவிடும். அதுவும் கரும்புகைதான் தரும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவின் குழாய்க் கசிவும் அப்படியே.

ஈ.ஜி.ஆர் புகை போகும் வழியைத் தகடு வைத்து அடைத்தால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது வால்வைத் திருத்துவதில்லை, மாசைத்தான் கூட்டுகிறது, புதிய வண்டிகளில் எச்சரிக்கை விளக்கையும் எரியவைக்கிறது.