எந்த முள் உங்கள் கைக்கு? ஜப்பானிய மைப்பேனா: கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜப்பானிய மைப்பேனாக்களைப் பற்றியவை என்பதால், பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாக ஐரோப்பியப் பேனா ஒன்றில் 'ஃபைன்' முள்ளால் (நிப்) எழுதி வந்தேன். அதே 'ஃபைன்' என்று பார்த்துத்தான் ஜப்பானியப் பேனாவும் வாங்கினேன். ஆனால் கோடு மயிரிழை போல மெலிந்து விழுகிறது. சில எழுத்துகளில் தாளைக் கீறுகிறது. பேனாவில் பழுதா? — ஆசிரியை ஒருவர்

பதில்: பழுதாக இருப்பதற்கு வாய்ப்பு குறைவு. முள்ளின் மேல் பொறித்திருக்கும் எழுத்து உலகம் முழுவதற்கும் பொதுவான அளவன்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கப்படி வைத்துக்கொண்ட பெயர் அது. ஜப்பானிய 'ஃபைன்' ஏறக்குறைய ஐரோப்பிய 'எக்ஸ்ட்ரா ஃபைன்' அளவுக்கும், ஜப்பானிய 'மீடியம்' ஏறக்குறைய ஐரோப்பிய 'ஃபைன்' அளவுக்கும் எழுதும். இதற்குக் காரணம் ஜப்பானியரின் எழுத்துமுறை. சீனத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட கான்ஜி எழுத்துகளில் பலவற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட கோடுகள் உண்டு. மனச்சோர்வைக் குறிக்கும் எழுத்துக்கு 29 கோடுகள். அத்தனையும் ஒரு சிறு கட்டத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க வேண்டுமானால் முள் மெலிந்துதான் ஆக வேண்டும்.

கீறுவதற்கான விளக்கமும் இதையொட்டியே வருகிறது. கான்ஜியின் கோடுகள் பெரும்பாலும் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் இழுக்கப்படுபவை. நம் எழுத்துகளோ சுழியும் வளைவுமாக எல்லாத் திசைகளிலும் ஓடுபவை. 'ண' எழுதும்போது உங்கள் முள் எங்கெல்லாம் போகிறது என்று ஒருமுறை மெதுவாகக் கவனித்துப் பாருங்கள்: ஒவ்வொரு சுழியிலும் அது ஒரு கணம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. மெல்லிய முள்ளின் முனை சிறியது. ஆகவே தள்ளப்படும் அந்த இடத்தில்தான் அது தாளின் நாரில் உரசும். எல்லாச் சுழியிலும் ஒரே மாதிரியான மெல்லிய உரசல் இருந்தால் அது மெல்லிய முள்ளின் இயல்பு என்று கொள்ளலாம். ஒரு பக்கமாகப் போகும்போது மட்டும் வெடுக்கெனக் கீறி, எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனால், முள்ளின் இரு பிளவுகளும் சமமாக நிற்கவில்லை என்று பொருள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்து, முள்ளை நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு பிளவு மற்றதைவிட ஏறியோ இறங்கியோ இருப்பது தெரியும். அப்படித் தெரிந்தால் நகத்தால் நிமிர்த்த முயலாதீர்கள். பேனா பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், சில நிமிட வேலைதான்.

அடுத்த பேனா வாங்கும்போது, தமிழை ஓரளவு பெரிய எழுத்தில் எழுதுபவர் நீங்கள் என்றால் ஜப்பானிய 'மீடியம்' முள்ளையோ, ஃபைனுக்கும் மீடியத்துக்கும் நடுவில் நிற்கும் 'மீடியம் ஃபைன்' முள்ளையோ எடுங்கள். 'எக்ஸ்ட்ரா ஃபைன்' முள் புத்தக ஓரத்தில் குறிப்பெழுத உதவும். பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய தொகை கொடுக்கும் முன் அளவை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. பிளாட்டினம் நிறுவனத்தின் 'ப்ரெப்பி' பேனாக்களில் 0.2, 0.3, 0.5 என்று முள்ளின் அளவே அச்சிடப்பட்டிருக்கும். அந்த மலிவான பேனாக்களில் இரண்டை வாங்கி ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், உங்கள் கைக்கு எது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: பைலட், செய்லர், பிளாட்டினம் மூன்றில் எது சிறந்தது? — கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: மூன்றும் நூறாண்டு கடந்த நிறுவனங்கள். செய்லர் 1911இல் ஹிரோஷிமா வட்டாரத்துத் துறைமுக நகரான குரேயில் தோன்றியது. வணிகக் கப்பற்கல்லூரியில் பேராசிரியராக இருந்த ரியோசுகே நமிகி 1918இல் தொடங்கியதுதான் பின்னாளில் பைலட் ஆனது. பிளாட்டினம் 1919இல் வந்தது. முள்ளைத் தாங்களே செய்துகொள்ளும் நிறுவனங்கள் இவை. ஆதலால் ஒவ்வொன்றின் எழுத்துக்கும் தனிச்சுவை உண்டு. பைலட்டின் முள் வழவழப்பாக ஓடும்; மை தாராளமாக இறங்கும். செய்லரில் நன்றாகச் சீவிய பென்சிலால் எழுதுவது போன்ற மெல்லிய உரசல் கைக்குத் தெரியும். அதை விரும்புபவர்கள் வேறு பேனாவுக்குப் போக மாட்டார்கள். பிளாட்டினத்தின் முள் விறைப்பானது, கோடு கட்டுப்பாடாக விழும். தினமும் நிறைய எழுதுபவருக்கு முதல் பேனாவாக நான் பைலட்டையே சொல்வேன். நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் பேனாவைத் தொடுவீர்கள் என்றால் பிளாட்டினத்தின் '3776 செஞ்சுரி' உங்களுக்கு ஏற்றது. ஃபுஜி மலையின் உயரமான 3,776 மீட்டரைப் பெயராகக் கொண்ட அந்தப் பேனாவின் மூடிக்குள் சுருள்வில்லோடு கூடிய ஓர் உள்மூடி இருக்கிறது. அது முள்ளைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவதால், மாதக்கணக்கில் கிடந்தாலும் மை உலராது.

ஒன்றை வாங்கும் முன்பே அறிந்துகொள்ளுங்கள்: பேனாவுக்குள் செருகும் மைக்குழல்கள் (கார்ட்ரிட்ஜ்) இந்த மூன்று நிறுவனங்களுக்குள் ஒன்றுக்கொன்று பொருந்தா. புட்டியிலிருந்து மையை உறிஞ்சி நிரப்ப உதவும் கன்வெர்ட்டரையும் அந்தந்த நிறுவனத்துடையதாகவே வாங்க வேண்டும்.

கேள்வி: தங்க முள்ளுக்கு அத்தனை விலை கொடுப்பது தகுமா? 21 காரட் முள் 14 காரட்டைவிட மிருதுவாக எழுதுமா? — ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர்

பதில்: தாளைத் தொடுவது தங்கம் அன்று. தங்க முள்ளானாலும் எவர்சில்வர் முள்ளானாலும் அதன் நுனியில் தேயாத கடின உலோகக் கலவையால் ஆன ஒரு மணி ஒட்டவைக்கப்பட்டிருக்கும். எழுத்தின் வழவழப்பு அந்த மணியை எவ்வளவு நன்றாகத் தீட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்நாளைய மைகள் அமிலத் தன்மை கொண்டவை. சாதாரண உருக்கு அரித்துப் போகும், தங்கம் அரிக்காது என்பதால்தான் தங்கம் முள்ளுக்கு வந்தது. இன்றைய எவர்சில்வர் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டது. நல்ல தங்க முள்ளில் கூடுதலாகக் கிடைப்பது ஒரு மெல்லிய துள்ளல்; கை இறங்கும்போது முள் சற்று இடங்கொடுத்து மீள்வதை நெடுநேரம் எழுதுபவரின் விரல்கள் உணரும். அந்தத் துள்ளலும் முள்ளின் தடிமனையும் வடிவத்தையும் பொறுத்ததே தவிர, காரட்டைப் பொறுத்ததன்று. 14 காரட்டில் 58.5 விழுக்காடும் 21 காரட்டில் 87.5 விழுக்காடும் தங்கம் உண்டு. ஆனாலும் செய்லரின் 21 காரட் முட்களில் பல விறைப்பானவையே. மிருதுவான முள் வேண்டுமானால் காரட்டைப் பார்க்காமல், 'சாஃப்ட்' எனக் குறிக்கப்பட்ட முட்களைக் கேளுங்கள். நாள்தோறும் இரண்டு மூன்று பக்கமாவது எழுதுபவருக்குத் தங்க முள் தகும் என்பதே என் கருத்து. கையெழுத்து போட மட்டும் என்றால் வேண்டாம்.

கேள்வி: எந்த மையை ஊற்றலாம்? தண்ணீர் பட்டாலும் அழியாத மை வேண்டும். — வாசகி ஒருவர்

பதில்: மைப்பேனாவுக்கென்று செய்யப்பட்ட மை மட்டுமே. ஓவியர்கள் தொட்டு எழுதும் 'இந்தியன் இங்க்' வகையில் அரக்கு கலந்திருக்கும். அது முள்ளுக்கு அடியிலிருந்து மையைக் கொண்டுவரும் நாக்குக்கட்டையின் நுண்ணிய வாய்க்கால்களில் உறைந்துபோனால் பேனாவை மீட்பது கடினம். மெல்லிய முள்ளுக்குத் தாராளமாக ஓடும் மை வேண்டும். பைலட்டின் 'இரோஷிசுகு' மைகள் அவ்வகை. தண்ணீரில் அழியாதது வேண்டுமானால் பிளாட்டினத்தின் 'கார்பன் பிளாக்' இருக்கிறது. சாயத்துக்குப் பதிலாக நுண்ணிய கரித்துகள் கலந்த மை அது. தாளில் உலர்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. பேனாவுக்குள் உலர்ந்தாலும் அதே பிடிவாதம் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். அந்த மையை ஊற்றிய பேனாவில் அன்றாடம் எழுதுங்கள். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான வெறுந்தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றி, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். கொதிநீரும் ஸ்பிரிட்டும் ஆகா.

கேள்வி: பைலட்டின் 'கேப்லெஸ்' வாங்கலாமா? — பத்திரிகையாளர் ஒருவர்

பதில்: நின்றுகொண்டே குறிப்பெடுப்பவருக்கு அதற்கு இணை இல்லை. 1963 முதல் வரும் பேனா. பின்னால் அழுத்தினால் முள் வெளியே வரும், மீண்டும் அழுத்தினால் உள்ளே போய்விடும். ஆனால் சட்டைப்பையில் மாட்டும் அதன் கொக்கி, விரல்கள் பிடிக்கும் இடத்திலேயே அமைந்திருக்கிறது. பேனாவைச் சற்றே திருப்பிப் பிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அது உறுத்தும். கையில் வாங்கிப் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய கை எனக்கு. அன்பளிப்பாக வந்த ஜப்பானியப் பேனாவைக் கெடுத்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். — இல்லத்தரசி ஒருவர்

பதில்: அஞ்ச வேண்டாம். மாற்றிக்கொள்ள வேண்டியவை இரண்டே. முதலாவது அழுத்தம். பால்பாயின்ட்டில் குண்டை உருட்டுவதற்குக் கை அழுத்தியாக வேண்டும்; மைப்பேனாவில் முள் தாளைத் தொட்ட உடனேயே மை தானாக இறங்கும். அழுத்தினால் பிளவுகள் விரிந்து கோடு பட்டையாகும்; தொடர்ந்து அழுத்தினால் அவை விரிந்தபடியே நின்றுவிடும். ஒற்றைத் தாளை மேசையின் மேல் வைத்து, மறு கையால் பிடிக்காமல் எழுதிப் பாருங்கள். தாள் நகர்ந்துகொண்டே இருந்தால் நீங்கள் இன்னும் தள்ளுகிறீர்கள். தாள் நகராமல் எட்டு எட்டாகச் சுழிக்க வந்துவிட்டால் அழுத்தம் போய்விட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாவது சாய்வு. பால்பாயின்ட்டை நட்ட நிலையில் பிடித்துப் பழகியிருப்பீர்கள். இதைத் தாளுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்த்து, முள்ளின் பொறிப்பு மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். விரல்கள் உருண்டு முள் ஒருக்களித்தால் ஒரு பிளவு தாளை விட்டு எழும்பிவிடும், மை விட்டு விட்டு வரும். பேனா பழுதென்று பலர் நினைப்பது இந்த ஒருக்களிப்பைத்தான். விரல்களைத் தளர்த்தி, எழுத்தை மணிக்கட்டால் மட்டும் வரையாமல் முன்கையும் சேர்ந்து நகரும்படி விட்டால், இரண்டு மூன்று வாரங்களில் கை பழகிவிடும். அதுவரை அந்தப் பேனாவை மற்றவர் கையில் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்; பால்பாயின்ட் அழுத்தத்தோடு யாராவது ஒரு கையெழுத்து போட்டாலும் முள் விரிந்துவிடக்கூடும்.